என்னைத் தோற்கடிக்க ஒரு ஆள்

மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போன ஊரில்தான் அந்தப் பென்சிலைப் பார்த்தேன். இங்கிலாந்தின் நடுப்பக்கம் ஒரு நகரம். மே மாதம், வியாழக்கிழமை, வெயில் அடித்தும் குளிர் விடாத காலை. அன்றைக்கு அங்கே நகரசபைத் தேர்தல். மகள் ஓட்டுப் போடக் கிளம்பினாள். பிறந்து நாற்பது நாள் கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

மகள் கையில் இருப்பது நம் நாட்டுப் பாஸ்போர்ட்தான். அந்த நாட்டுக் குடியுரிமை அவளுக்கு இல்லை. ஆனாலும் முன்னே அவர்கள் ஆண்ட நாடுகளின் ஆட்கள் அங்கே குடியிருந்தால் ஓட்டுப் போடலாமாம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் காரைக்காலை ஆண்டவன் பிரெஞ்சுக்காரன். இவர்கள் எங்களை ஆளவே இல்லை. அந்தக் கணக்கையெல்லாம் அவர்கள் பார்க்கவில்லை போலும்.

பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுச்சாவடி. ஓட்டு இல்லாதவள் என்பதால் நான் கதவோரம் நின்றுகொண்டேன். உள்ளே ஒட்டுப்பலகையில் செய்த தடுப்பு, அதில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு பென்சில். விரலில் மை வைக்கவில்லை. போலீஸ் இல்லை. ஒரு ஆள் நாயைக் கூட்டிக்கொண்டு வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார். மகள் வெளியே வந்ததும் கேட்டேன்.

"பென்சில்லயா ஓட்டுப் போட்டே? எவனாவது ரப்பர் வச்சு அழிச்சுட்டான்னா?"

"யாரு உம்மா அழிக்கப் போறா?"

"யாரா? நம்ம ஊர்ல ஒரு தடவ நின்னு பாரு, தெரியும்."

எனக்கு அப்படிப் பேசத் தகுதி உண்டு. நான் நின்றவள். நின்று ஜெயித்தவள். காரைக்கால் நகராட்சியில் ஐந்து வருடம் ஒரு வார்டுக்கு உறுப்பினராக இருந்தேன்.

எங்கள் ஊருக்குத் தேர்தல் புதிய சமாசாரம் கிடையாது. பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே மேர் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்த ஊர். வயதானவர்கள் சிலர் நகராட்சித் தலைவரை இன்றைக்கும் வாய் தவறி மேர் என்பார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு தேர்தல் நடந்தது. அப்புறம் ஒரு தலைமுறைக்கு மேல் நடக்கவில்லை. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கடைசியில் நீதிமன்றம் தலையிட்டு ஒருவழியாக நடந்தபோது எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. எங்கள் தெருவில் ஆரம்பித்து காரைக்கால்மேட்டுப் பக்கம் கடலோரம் வரை போகும் வார்டு அது.

ஜமாஅத்துக்காரர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் என்னிடம் பேசவில்லை, துபாயில் இருந்த என் கணவரிடம் போனில் பேசினார்கள். "உங்க வீட்ல நிக்க வைக்கலாம்னு ஒரு எண்ணம் மச்சான்." அவர் சரி என்றார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். முதல் சுவரொட்டியில் அவர் படம் கதவளவுக்கு இருந்தது, என் படம் தபால்தலை அளவுக்கு. எனக்கு வந்த கோபத்தில் அச்சகத்துக்கு நானே போனேன். அடுத்த சுவரொட்டியில் அவர் படமே இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கினேன். மீனவர் குடியிருப்பில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களோடு மணலில் உட்கார்ந்து பேசினேன். பதினோரு ஓட்டில் ஜெயித்தேன். இந்தப் பதினோரு பேர் யார் யார் என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

ஜெயித்த மறுவாரம் லெட்டர்பேடு அடிக்கப் போனேன். மேலே என் பெயர், கீழே 'உறுப்பினர், நகராட்சி'. அச்சகத்துக்காரர் ஆயிரம் தாளாக அடித்துவிடலாம் என்றார். சரி என்றேன்.

லெட்டர்பேடு இல்லாமல் கவுன்சிலர் கிடையாது, எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம். இந்த ஊரில் நீ இருக்கிறாய் என்பதற்கு நீ வந்து நின்றால் போதாது, இருக்கிறாய் என்று இன்னொருவர் எழுதித் தர வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, கேஸ் கனெக்‌ஷன் வாங்க, சைக்கிள் தொலைந்தால் ஸ்டேஷனுக்குப் போக, எல்லாவற்றுக்கும் 'இவர் எனது வார்டில் வசிப்பவர், எனக்கு நன்கு தெரிந்தவர்' என்று ஒரு தாள். அந்த ஐந்து வருடத்தில் இரண்டு வடிகாலும் ஒரு சின்னப் பாலமும் நான் சண்டை போட்டு வாங்கினேன். ஜனங்களுக்கு ஞாபகம் இருப்பது அந்தத் தாள்தான்.

ஐந்து வருடம் முடிந்தது. அடுத்த தேர்தல் வரவில்லை. வார்டு பிரிக்க வேண்டும் என்றார்கள், ஒதுக்கீட்டைச் சரிசெய்ய வேண்டும் என்றார்கள், வழக்கு என்றார்கள். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் இங்கே இருந்தபடியே அந்த நாட்டு ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுகிறார்கள். டெல்லிக்கு ஆள் அனுப்ப ஓட்டு, புதுச்சேரிக்கு ஆள் அனுப்ப ஓட்டு. தெருவில் கொசு மருந்து அடிக்கச் சொல்ல ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்க மட்டும் எங்களுக்கு வழியில்லை.

பதவி முடிந்த பிறகும் ஜனங்கள் வந்தார்கள். வேறு யாரிடம் போவார்கள்? என் கையில் மிச்சம் அறுநூறு தாள் இருந்தது. எழுதிக் கொடுத்தேன். முதல் தடவை கை கொஞ்சம் தயங்கியது உண்மை. அலுவலகத்தில் அதை வாங்கிக்கொண்டார்கள், அவர்களுக்கும் ஃபைலில் கோக்க ஒரு தாள் வேண்டியிருந்தது. 'முன்னாள்' என்ற சொல்லை நான் சேர்க்கவில்லை. துபாயை விட்டு ஊரோடு வந்துவிட்ட என் கணவர் ஒரு நாள் கேட்டார்.

"ஏம்மா, நீ ஆயுசுக்கும் கவுன்சிலரா?"

"வேற ஆளு வர்ற வரைக்கும் நாந்தான்."

"அது யாரு போட்ட சட்டம்?"

தெருவில் போனால் "கவுன்சிலரம்மா" என்று கூப்பிடுகிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் பிடித்திருந்தது.

எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொண்டு வருபவள் ஒருத்தி. காரைக்கால்மேட்டில் பிறந்தவள், கருக்களாச்சேரியில் வாழ்க்கைப்பட்டவள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு, இரண்டு பெண்பிள்ளைகளோடு பிறந்த ஊருக்கே திரும்பி, அண்ணன் வீட்டுப் பின்பக்கம் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு இருந்தாள். ஏலத்தில் மீன் எடுத்துத் தலையில் வைத்துத் தெருத் தெருவாக விற்பாள். வாய் கொஞ்சம் நீளம். ஒரு கிலோ சங்கரா வாங்கினால் கால் மணி நேரம் ஊர்க்கதை கேட்க வேண்டும். எனக்கு அவளைப் பிடிக்கும்.

குடிசையில் இருப்பவர்களுக்கு வீடு கட்ட அரசு உதவி வந்தது. அவளும் மனுப் போட்டாள். ரேஷன் கார்டு புருஷன் கையில், ஆதாரிலும் கருக்களாச்சேரி விலாசம். இங்கேதான் இருக்கிறாள் என்பதற்குச் சான்று கேட்டார்கள். விஏஓவிடம் போய், அவர் வந்து விசாரித்து எழுதித் தர வேண்டும். அவள் அன்றைக்கே போகத்தான் இருந்தாள். போகிற வழியில் என் வீட்டு வாசலில் மீன் இறக்கினாள். விஷயத்தைச் சொன்னாள்.

"அதுக்கு எதுக்கு அங்க போயி அலையறே? நான் எழுதித் தர்றேன், கொண்டு போயி குடு."

"போதுங்களா அது?"

"நான் எழுதினா போதும்."

இரண்டு நிமிடத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவள் தாளை மீன் ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போனாள். அன்றைக்கு எனக்கு இரண்டு மீன் அதிகமாகப் போட்டாள்.

அலுவலகத்தில் புதிதாக வந்திருந்தவர் சட்டதிட்டம் பார்க்கிறவர். என் கடிதத்தின் குறுக்கே சிவப்பு மையில் 'பதவிக்காலம் முடிந்தவர், ஏற்க இயலாது' என்று எழுதி, மனுவையும் தள்ளிவிட்டார். அவளுக்கு அது தெரியவந்தபோது கடைசித் தேதி போய்விட்டிருந்தது. நான் விமானம் ஏற இரண்டு வாரம் இருக்கும். அவள் வந்து அந்தத் தாளை என் வாசப்படியில் வைத்தாள். அன்றைக்கு அவள் தலையில் மீன் இல்லை.

"நீங்கதானங்க சொன்னீங்க, நான் எழுதினா போதும்னு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் கத்தினேன். "ஊருக்கே எழுதித் தர்றேன், ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. உனக்கு மட்டும் எப்படி ஆவும்? நீ அங்க போயி பேசின பேச்சு சரியில்லாம இருந்திருக்கும்." அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தாளை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து எங்கள் தெருவில் மீன் கூவிக்கொண்டு போவாள், எங்கள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் வாய் மூடிக்கொள்ளும். அந்த நிலைமையில்தான் நான் பெட்டி கட்டினேன்.

அதனால், இங்கிலாந்தில் பிள்ளையைக் குளிப்பாட்டும்போதும், பத்தியத்துக்குப் பூண்டு உரிக்கும்போதும், மனசு அந்தக் கொட்டகையில்தான் இருந்தது. ஐப்பசி வந்தால் மழை பிடித்துக்கொள்ளும். படகுக்குப் போடுகிற தார்ப்பாய்தான் அவளுக்குக் கூரை.

தேர்தல் முடிந்து சில நாள் கழித்து, மகள் வீட்டுப் பின்சந்தில் தெருவிளக்கு எரியாமல் போனது. எதிர்வீட்டில் ஒரு பெண்மணி, என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். அவர் அந்த வார்டில் பல வருடம் கவுன்சிலராக இருந்தவர் என்று மகள் சொல்லியிருந்தாள்.

"அப்புறம் என்ன, அவங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கு" என்றேன்.

எங்கள் ஊர் வடையான இறால் வாடா சுட்டு ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். மகள் விஷயத்தைச் சொன்னாள். அந்தம்மா கேட்டுக்கொண்டு, எழுந்து போய், குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த ஒரு அட்டையை எடுத்து வந்து நீட்டினார். அதில் ஒரு ஆளின் படமும் போன் நம்பரும் இருந்தன. மகள் எனக்குச் சொன்னாள், "போன வருஷம் இவங்க தோத்துட்டாங்களாம் உம்மா. தோக்கடிச்ச ஆளு இவருதானாம். இவருகிட்ட பேசுங்க, கொஞ்சம் வாய் ஜாஸ்தி, ஆனா வேலய முடிச்சுக் குடுப்பாருன்னு சொல்றாங்க."

எனக்குப் புரையேறிவிட்டது. தன்னைத் தோற்கடித்தவனின் நம்பரைத் தன் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறாள் ஒருத்தி. தோற்றபோது அழுதீர்களா என்று கேட்கச் சொன்னேன். இரண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் தோட்டத்தில் புல் வெட்டினேன் என்றார்.

நானும் கவுன்சிலர் என்று மகள் சொன்னதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மாடிக்குப் போய் ஒரு செருப்புப் பெட்டியைக் கொண்டு வந்து மேசையில் கவிழ்த்தார். அத்தனையும் பழைய தேர்தல் நோட்டீஸ்கள். அவருடையவை, அவரோடு மோதியவர்களுடையவை, அவருக்கு முன்னால் அவருடைய தகப்பனார் சேர்த்து வைத்தவை. அங்கே ஒரு வார்டுக்கு மூன்று பேர். வருடத்துக்கு ஒருவர் பதவி முடிந்து மறுபடி ஜனங்களிடம் வந்து நிற்க வேண்டும். நாலாவது வருடம் ஓய்வு. அதனால் நோட்டீஸ் ஏகப்பட்டது. ஒவ்வொன்றையும் எடுத்து இது நீச்சல்குளத்தை மூடப் பார்த்த வருடம், இது குப்பை வண்டிக்காரர்கள் வேலை நிறுத்திய வருடம், இது தலைக்கு இவ்வளவு என்று வரி போட்டு ஜனங்கள் கொதித்த வருடம் என்று சொல்லிக்கொண்டே போனார். தொப்பி வைத்த பெண்கள், மீசை வைத்த ஆண்கள், அத்தனை பேரும் சாக்கடையையும் விளக்கையும் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். ஒருவர்கூட எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

அடியில் இருந்த ரொம்பப் பழைய தாள்களில் நடுவே சில வருடங்கள் விட்டுப்போயிருந்தன. விரலால் அந்த இடத்தைக் காட்டினேன். அது உலக யுத்தம் நடந்த காலம், அப்போது மட்டும் தேர்தலை நிறுத்தி வைத்திருந்தார்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்து, உன் அடுத்த தேர்தல் எப்படிப் போனது என்று கேட்டார். அடுத்த தேர்தலே வரவில்லை என்று மகள் சொன்னாள். எத்தனை வருடமாக என்று கேட்டார். மகள் சொன்னாள். அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

மகள் கொஞ்சம் தயங்கித்தான் எனக்குச் சொன்னாள். "உங்க ஊர்ல என்ன யுத்தம்னு கேக்குறாங்க உம்மா."

கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையான கவலையோடு கேட்டார். யுத்தம் ஒன்றும் இல்லை, எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? வாடா ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அன்றிரவு படுத்தபோது ஒன்று விளங்கியது. அந்தம்மாவைத் தோற்கடிக்க ஒரு ஆள் வந்தான், அதனால் அவருக்கு வாசலுக்கு வந்தவர்களை அனுப்ப ஒரு வீடு இருந்தது. என்னைத் தோற்கடிக்க யாரும் வரவில்லை. வந்திருந்தால் அந்த அறுநூறு தாளும் பழைய பேப்பருக்குப் போயிருக்கும், அந்த மீன்காரப் பெண் விஏஓவிடம் போயிருப்பாள். எனக்கு முதல் முறையாகத் தோற்க வேண்டும் என்று ஆசை வந்தது. அதற்காகத் தேர்தல் வராததைக் குறை சொல்லி நான் தப்பிக்கவும் முடியாது. தேர்தலை நடத்தாதது நான் இல்லை. 'நான் எழுதினா போதும்' என்று சொன்னது நான்தான்.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் காரைக்கால்மேட்டுக்குப் போனேன். ஏலம் முடிந்து அவள் கொட்டகை வாசலில் மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். தார்ப்பாயில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது.

"வாங்க கவுன்சிலரம்மா" என்றாள். அந்தச் சொல் அப்படிக் குத்தும் என்று நான் நினைக்கவில்லை.

"நான் கவுன்சிலர் இல்லடி. அது முடிஞ்சு எத்தனையோ காலம் ஆச்சு. தெரிஞ்சுதான் எழுதிக் குடுத்தேன். தப்பு என்னுது. உன்னயக் கத்தினதும் தப்பு. மன்னிச்சுக்க."

அவள் மீன் பிரிப்பதை நிறுத்தவில்லை. "இத அங்க வந்து சொல்லுவீங்களா?" என்றாள்.

சொன்னேன். மறுநாள் அவளோடு அந்த அலுவலகத்துக்குப் போய், வரிசையில் நின்ற என் பழைய வார்டு ஜனங்கள் காதுபட, அந்தப் புதிய அதிகாரியிடம் சொன்னேன். கையெழுத்து என்னுடையது, பதவி என்னுடையதில்லை, இந்தப் பெண் என்னை நம்பி ஏமாந்தாள், அவளைத் தண்டிக்காதீர்கள் என்றேன். காது சூடாகிவிட்டது. அந்த ஆள் மரியாதையாகத்தான் பேசினார். எழுத்து மூலம் தரச் சொன்னார். வெள்ளைத் தாளில் எழுதி, கீழே முதல் முறையாக 'முன்னாள்' என்று சேர்த்தேன். அடுத்த பட்டியலில் மனுவை எடுக்கலாம், விஏஓ நேரில் வந்து விசாரிப்பார், அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

"அதுல ஒண்ணு நான் போடுறேன்" என்றேன்.

"நீங்க வேற தெருங்கம்மா. பக்கத்துலயே இருக்கறவங்கதான் போடணும்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாசக்கணக்கில் அவள் சிரித்துப் பார்க்காத எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏலத்தில் அவளோடு மீன் எடுக்கும் இரண்டு பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். அந்த மழைக்காலம் அவளும் பிள்ளைகளும் தார்ப்பாய்க்குக் கீழேதான் இருந்தார்கள், அதை நான் மாற்ற முடியவில்லை. அடுத்த பட்டியலில் அவள் பெயர் வந்தது. இப்போது சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்திருக்கிறது.

போன வாரம் என் வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்து, மீன் வெட்டிக்கொண்டே அவள் சொன்னாள், "தேர்தல்னு ஒண்ணு வந்தா நான் நிக்கலாம்னு இருக்கேங்க. உங்கள எதுத்துத்தான்."

"நில்லு."

"தோத்துட்டா அழுவீங்களே."

"ரெண்டு நாள் அழுவேன். மூணாம் நாளு, வர்றவங்களையெல்லாம் உன் வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆள் வந்து நின்றார். மகனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க, வார்டில் குடியிருப்பதாக ஒரு லெட்டர் வேண்டும் என்றார். பழைய பழக்கத்தில் என் கை தாள் இருந்த அலமாரிப் பக்கம் திரும்பியது. அலமாரி காலி, மிச்சத் தாளையெல்லாம் ஏற்கெனவே பழைய பேப்பருக்குப் போட்டிருந்தேன். நான் இப்போது கவுன்சிலர் இல்லை, விஏஓவிடம் போங்கள் என்றேன். விஏஓ மூன்று நாளாக ஆபீசில் இல்லை என்றார் அவர்.

"அப்ப எங்க வார்டுக்கு யாருதாங்க?"

மீன்காரிதான் கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னாள்.

"இன்னும் ஆளு போடலங்க."